ஊர் பின்கோடை உடைப்பது எப்படி? 636701-ஐ வைத்து ஒரு பயிற்சி

குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, “இதன் பகாக் காரணிகளைச் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். 2, 3, 5, 9, 11 வரை விதிகளை மடமடவென்று ஒப்பிப்பார்கள். எதிலும் வகுபடவில்லை என்றதும் கை தானாகச் செல்போனைத் தேடும். தேர்வறைக்குள் செல்போன் வராது. அங்கே கைகொடுப்பது, எந்த வரிசையில் எதைச் சோதிப்பது என்ற தெளிவுதான். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கட்டம் போட்ட நோட்டு, பேனா, 20 வரை வாய்ப்பாடு போதும். கால்குலேட்டரை விடையைச் சரிபார்க்க மட்டும் எடுங்கள்.

பயிற்சிக்கு எண் வேண்டுமே. தருமபுரித் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. நாம் விண்ணப்பத்திலும் கூரியர் கவரிலும் எத்தனையோ முறை எழுதிய எண். ஆனால் அதை ஓர் எண்ணாக யாரும் பார்த்ததில்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்று, அஞ்சலகத்தைக் காட்டும். அதாவது இது முகவரி, அளவு இல்லை. இது எதனால் வகுபடுகிறது என்பதால் தபால் சீக்கிரம் வந்துவிடாது. கூட்டினால் 5 வருகிறதே, நல்ல எண்ணா என்று கேட்பவர்களுக்கும் இங்கே பதில் இல்லை. அந்த 5-க்குக் கணக்கில் வேறு வேலை இருக்கிறது.

முதல் பார்வை

கடைசி இலக்கம் 1. ஆகவே ஒற்றைப்படை எண். 2, 5 இரண்டும் கழிந்தன. இலக்கங்களைக் கூட்டினால் 6+3+6+7+0+1 = 23. இது 3-ஆல் வகுபடாது, எனவே 636701-உம் வகுபடாது. 23-ஐ மறுபடி கூட்டினால் 5. எண் கணித ஜோதிடர் சொல்லும் அந்த 5 இதுதான். 636701-ஐ 9-ஆல் வகுத்தால் வரும் மீதி அது, அவ்வளவுதான். 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால், இடமதிப்பு போய் இலக்கம் மட்டும் நிற்கிறது. விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் காரணத்தை ஒருமுறை யோசித்துவிட்டால், 11-க்கான விதியை நீங்களே எழுதிவிடலாம்.

கடைசி இரண்டு இலக்கங்கள் 01. எனவே 4-ஆல் வகுத்தால் மீதி 1. இதை ஓரத்தில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, எதுவரை சோதிக்க வேண்டும் என்ற எல்லை. பலர் இதைச் செய்யாமல் நேராக வகுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 797-ன் வர்க்கம் 6,35,209. 798-ன் வர்க்கம் 6,36,804. நம் எண் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால் இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது; இருந்தால் பெருக்குத்தொகை எண்ணைத் தாண்டிவிடும். எனவே 797 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அப்படி 139 பகா எண்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். ஒரு காரணி சிக்கியதுமே எண் சிறுத்துவிடும், எல்லையும் கூடவே இறங்கும்.

7, 11, 13: மூன்றுக்கும் ஒரே கழித்தல்

7 × 11 × 13 = 1001. ஆயிரத்தைவிட ஒன்று அதிகம். ஆகவே ஓர் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டி, பகுதிகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், வரும் விடைக்கும் மூல எண்ணுக்கும் 7, 11, 13 மூன்றைப் பொறுத்தவரை ஒரே குணம்தான். நம் ஊர் வழக்கப்படி 6,36,701 என்று காற்புள்ளி வைத்தால் இந்த வெட்டு கண்ணில் படாது. பின்கோடு எழுதும் முறையில் 636 701 என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். அஞ்சல் துறையின் பிரிப்பும் நமக்கு வேண்டிய பிரிப்பும் ஒரே இடத்தில் விழுகின்றன.

701 − 636 = 65.

65-ஐ 7 வகுக்காது. 11 வகுக்காது. 13 வகுக்கும், 13 × 5 = 65. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களுக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. நான் சொல்லித்தரும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் பழகச் சொல்வேன். 7-க்கென்று புத்தகங்களில் இருக்கும் தனி விதிகளைவிட இது எவ்வளவோ மேல்.

636701 ÷ 13 = 48,977. மறுபடி 13 போகுமா? 48|977 என்று வெட்டினால் 977 − 48 = 929. 13 × 71 = 923, மீதி 6. போகாது.

17-க்கு விதி

இந்த இடத்தில் ஒரு தம்பி வழக்கமாகக் கேட்பான்: “அண்ணா, 17-க்கெல்லாம் விதி இருக்குதுங்களா?”

“இருக்குது தம்பி. 17-க்கு மட்டும் இல்ல, 2, 5 தவிர எல்லாப் பகா எண்ணுக்கும் நீயே செஞ்சுக்கலாம்.”

வழி இது. எந்தப் பகா எண்ணுக்கு விதி வேண்டுமோ, அதன் மடங்குகளில் 1 அல்லது 9-ல் முடிவது ஒன்றைத் தேடுங்கள். 17-க்கு 51 இருக்கிறது. 51-ல் கடைசி 1-ஐ எடுத்துவிட்டால் 5. ஆகவே, எண்ணின் கடைசி இலக்கத்தை வெட்டி, அதை 5-ஆல் பெருக்கி, மிஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 48977-ல் கடைசி 7 போனால் 4897. 7 × 5 = 35.

4897 − 35 = 4862
486 − 10 = 476
47 − 30 = 17

17 வந்துவிட்டது, 48977 வகுபடும். ஏன்? எண்ணை 10அ + ஆ என்று எழுதி அதிலிருந்து 51ஆ-வைக் கழித்தால் 10(அ − 5ஆ) வரும். 51 என்பது 17-ன் மடங்கு என்பதால் கழித்ததால் குணம் மாறாது. 10-க்கும் 17-க்கும் பொதுக் காரணி இல்லாததால் அந்த 10-ஐத் தள்ளிவிடலாம்.

மடங்கு 9-ல் முடிந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். 13-க்கு 39, ஆகவே நான்கு மடங்கு கூட்டு. 19-க்கு 19-ஏ போதும், இரண்டு மடங்கு கூட்டு. 23-க்கு 69, ஏழு மடங்கு கூட்டு. 29-க்கு மூன்று மடங்கு கூட்டு, 31-க்கு மூன்று மடங்கு கழி. பட்டியல் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே செய்துகொள்ளலாம்.

48977 ÷ 17 = 2881. இனி எல்லை வெறும் 53, ஏனென்றால் 54-ன் வர்க்கம் 2916. 139 பகா எண்களில் தொடங்கிய வேலை எங்கே வந்துவிட்டது பாருங்கள். 17 மறுபடி போகவில்லை, மீதி 8. 19-ல் மீதி 12, 23-ல் 6, 29-ல் 10, 31-ல் 29, 37-ல் 32, 41-ல் 11. அடுத்து 43. 43 × 67 = 2881. முடிந்தது.

636701 = 13 × 17 × 43 × 67

நான்குமே பகா எண்கள். பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று படித்திருப்பீர்கள். எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் இதே நான்குதான் வரும் என்பதற்கு அந்தத் தேற்றம் உத்தரவாதம். அதை இப்போதே வேறு வழியில் போய்ச் சோதித்துவிடலாம்.

ஃபெர்மாவின் குறுக்கு வழி

பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1643-ல் ஒரு கடிதத்தில் எழுதிய முறை இது. நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்ற சூத்திரம்தான், தலைகீழாகப் பயன்படுகிறது. ஓர் ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே வெளிவந்துவிடும். எனவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

798² − 636701 = 103
799² − 636701 = 1700
800² − 636701 = 3299
801² − 636701 = 4900

4900 என்பது 70-ன் வர்க்கம்! ஆகவே 636701 = (801 + 70)(801 − 70) = 871 × 731. 871 = 13 × 67. 731 = 17 × 43. அதே நான்கு பகா எண்கள், வேறு வாசல் வழியாக.

நான்கு வரி, அதிலும் பெருக்கலே இல்லை. 103 எப்படி 1700 ஆனது? 798-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 1597; 103 + 1597 = 1700. அடுத்து 1599 கூட்டினால் 3299. அடுத்து 1601 கூட்டினால் 4900. ஒவ்வொரு முறையும் கூட்டும் எண் 2 ஏறுகிறது. முதல் வர்க்கத்தை மட்டும் பெருக்கிக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் வெறும் கூட்டல்.

முழு வர்க்கமா என்று சோதிக்கவும் வர்க்கமூலம் எடுக்க வேண்டியதில்லை. 2, 3, 7, 8-ல் முடியும் எண் வர்க்கம் ஆகாது, எனவே 103 போயிற்று. 1700-ல் இரண்டு பூஜ்ஜியத்தை எடுத்தால் 17, அது வர்க்கம் இல்லை. 3299-ன் கடைசி இரண்டு இலக்கம் 99. 4-ஆல் வகுத்தால் மீதி 3. எந்த வர்க்கத்துக்கும் 4-ல் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். அதுவும் போயிற்று. 4900 வரும்வரை மூளைக்கு வேலையே இல்லை.

உடைத்த பிறகு எதையெல்லாம் படிக்கலாம்

காரணிகள் கையில் வந்தபின், அந்த எண்ணைப் பற்றி எது கேட்டாலும் சில பெருக்கல்களில் பதில் வரும். தேர்வுக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

மொத்தக் காரணிகள் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு முறைதான் வந்திருக்கிறது. அதைச் சேர்க்கலாம் அல்லது விடலாம். 2 × 2 × 2 × 2 = 16. அவை 1, 13, 17, 43, 67, 221, 559, 731, 871, 1139, 2881, 9503, 14807, 37453, 48977, 636701.

கூட்டுத்தொகை? பதினாறையும் வரிசையாகக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 14 × 18 × 44 × 68 = 7,53,984. எண்ணையே கழித்துவிட்டால் மற்ற காரணிகளின் கூட்டுத்தொகை 1,17,283. எண்ணைவிட மிகச் சிறியது. 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14 என்று சரியாக நிறைகிற எண்களின் கூட்டத்தில் இதற்கு இடமில்லை.

636701 வரையுள்ள எண்களில் இதனோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் எத்தனை? இப்போது ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கவும்: 12 × 16 × 42 × 66 = 5,32,224. நூற்றுக்கு 83-க்கும் மேல். சிறிய பகா எண்களான 2, 3, 5, 7, 11 எதுவும் உள்ளே இல்லாததால்தான் இவ்வளவு அதிகம்.

ஓரத்தில் குறித்து வைத்த ‘4-ல் மீதி 1’ இப்போது தேவை. இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 4-ல் மீதி 1 வரும் எண் என்றதும் முடியும் என்று சிலர் அவசரப்பட்டு எழுதிவிடுவார்கள். அந்த வாக்குறுதி பகா எண்களுக்குத்தான். 13 = 4 + 9, 17 = 1 + 16 என்பதில் சிக்கல் இல்லை. இரண்டையும் பெருக்கிய 221-ஐயும் எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக: 100 + 121, 196 + 25. இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் மறுபடி இரண்டு வர்க்கக் கூட்டலே வரும் என்பதை ஏழாம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் அறிந்திருந்தார். ஆனால் 43-ம் 67-ம் 4-ல் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை முறை வந்துவிட்டால் மொத்த எண்ணும் இரண்டு வர்க்கமாகப் பிரியாது. 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9, அதில் 4 போக மீதி 1. இரண்டு முரடர்கள் சேர்ந்து வெளியே சாது போலத் தெரிகிறார்கள். எனவே 636701 இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஆகாது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து விடை எழுதக் கூடாத கேள்வி இது.

அதே சமயம், வர்க்கங்களின் வித்தியாசமாக எட்டு விதங்களில் எழுதலாம். 16 காரணிகள் எட்டு ஜோடியாகின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வழி. 801² − 70² அதில் ஒன்று.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1-ஐ 636701-ஆல் வகுத்துத் தசமத்தில் எழுதினால், இலக்கங்கள் எத்தனைக்கு ஒருமுறை திரும்ப வரும்? 1/13-க்குச் சுழற்சி 6 இலக்கம், 1/17-க்கு 16, 1/43-க்கு 21, 1/67-க்கு 33. நான்கின் மீச்சிறு பொது மடங்கு 3696. ஒரு சுற்று முடிய 3696 இலக்கம் எழுத வேண்டும். வகுத்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

கிருஷ்ணகிரி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பின்கோடு 635001. பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கிறது, நடுவில் இரண்டு பூஜ்ஜியம் வேறு.

இலக்கங்களின் கூட்டல் 15. 3 போகும், 9 போகாது. 635001 ÷ 3 = 211667. அடுத்து 667 − 211 = 456. 455 என்பது 7-க்கும் 13-க்கும் மடங்கு, ஆகவே இரண்டிலும் மீதி 1. 11-ல் மீதி 5. மூன்றும் போயிற்று. 17: 21166 − 35 = 21131, 2113 − 5 = 2108, 210 − 40 = 170. போகிறது! 211667 ÷ 17 = 12451.

இதுவரை ஐந்து நிமிட வேலை. இனிதான் வேலை. 12451-ன் வர்க்கமூலம் 111-ஐச் சற்றுத் தாண்டும். 109 வரை 29 பகா எண்கள். முன்பே கழித்தவை போக 17-லிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதுதான். 59-ல் 59 × 211 = 12449, இரண்டில் தவறுகிறது. 83-ல் 83 × 150 = 12450, ஒன்றில் தவறுகிறது. 109-ல் மீதி 25. எதுவும் போகவில்லை, ஆக 12451 பகா எண்.

635001 = 3 × 17 × 12451

ஃபெர்மா முறை இங்கே என்ன செய்யும்? 797-ல் தொடங்கினால் மிச்சங்கள் 208, 1803, 3400, 4999, 6600 என்று போகும், ஒன்றும் வர்க்கம் இல்லை. மிக நெருக்கமான காரணி ஜோடி 51-ம் 12451-ம். அவற்றின் சராசரி 6251. அதாவது 6251² − 6200² என்று விடை கிடைக்க 5455-வது வரிவரை எழுத வேண்டும். அந்த முறையின் பலமும் பலவீனமும் இதுதான்: காரணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நொடியில் விழும், தூரத்தில் இருந்தால் விடியும்வரை எழுத வேண்டியதுதான். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கத்தில், பெருக்குவதற்கு எடுக்கும் இரண்டு பகா எண்களும் மிக நெருக்கமாக இருக்கக் கூடாது என்பதற்கு இதே காரணம்தான். அங்கே எண்கள் ஆறு இலக்கம் இல்லை. ஆர்எஸ்ஏ-250 என்று பெயரிடப்பட்ட 250 இலக்க எண் உடைந்ததே 2020-ல்தான்.

இரண்டு ஊருக்கும் பொதுவானது

தருமபுரியிலும் 17 இருந்தது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. காரணிப்படுத்தாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். 636701 − 635001 = 1700. இரண்டையும் வகுக்கும் எண் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். 1700-க்குள் இருப்பவை 2, 5, 17 மட்டுமே. நம் எண்கள் இரண்டும் 1-ல் முடிவதால் 2, 5 வெளியே. மிச்சம் 17 ஒன்றுதான் சாத்தியம், சோதித்தால் சரியாகப் போகிறது. மீப்பெரு பொது வகுத்தி 17.

வித்தியாசம் இவ்வளவு சௌகரியமாக அமையாதபோது யூக்ளிடின் வழிமுறைக்குப் போங்கள். பெரியதைச் சிறியதால் வகு, மீதியால் சிறியதை வகு, மீதி பூஜ்ஜியம் ஆகும்வரை தொடர்.

636701 = 1 × 635001 + 1700
635001 = 373 × 1700 + 901
1700 = 1 × 901 + 799
901 = 1 × 799 + 102
799 = 7 × 102 + 85
102 = 1 × 85 + 17
85 = 5 × 17 + 0

கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்ட முறை. இன்றைய கணினிகளும் இதைத்தான் செய்கின்றன. எண்ணை உடைப்பது கடினம், பொது வகுத்தியைக் காண்பது எளிது. தேர்வில் மீ.பொ.வ. கேட்டால் இரண்டு எண்களையும் முழுசாகக் காரணிப்படுத்திக்கொண்டு உட்காராதீர்கள். மீச்சிறு பொது மடங்கும் இதிலிருந்தே வரும்: 635001-ஐ 17-ஆல் வகுத்தால் 37353, அதை 636701-ஆல் பெருக்கினால் 23,78,26,92,453.

ஓசூரும் அரூரும்

எந்த முறையை முதலில் எடுப்பது? என் யோசனை: 2, 3, 5-ஐக் கழித்து, மூன்றிலக்க வெட்டில் 7, 11, 13-ஐப் பார்த்துவிட்டு, உடனே ஃபெர்மாவுக்கு ஐந்து வரி கொடுங்கள். கிடைக்காவிட்டால் 17-லிருந்து வகுக்க ஆரம்பிக்கலாம். ஐந்து வரிக்கு மேல் மட்டும் போகாதீர்கள். இது ஏன் லாபம் என்பதற்கு ஓசூர் போதும்.

ஓசூர் 635109. இலக்கங்களின் கூட்டல் 24, எனவே 3 போகும், மிஞ்சுவது 211703. வகுத்துக்கொண்டே போனால் 269 வரை எதுவும் சிக்காது. 269 என்பது 57-வது பகா எண். நோட்டில் மூன்று பக்கம் ஓடிவிடும். 3-ஐப் பிரிக்காமல் 635109-ஐ அப்படியே ஃபெர்மாவிடம் கொடுத்தால்?

797² − 635109 = 100

முதல் வரியிலேயே 10-ன் வர்க்கம். 635109 = 807 × 787, 807 = 3 × 269. ஆக 3 × 269 × 787. இங்கே ஒரு நுணுக்கம்: 3-ஐ முன்பே எடுத்துவிட்டிருந்தால் 269-ம் 787-ம் தூரத்தில் நின்றிருக்கும், முறை இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்காது. ஆகவே சிறிய ஒற்றைப்படைக் காரணி கிடைத்தாலும், எடுப்பதற்கு முன் ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை முயன்று பாருங்கள்.

அரூர் வேறு ரகம். 636903-ன் இலக்கங்களைக் கூட்டினால் 27. 9 போகும் என்பது நிச்சயம். வகுத்தால் 70767, அதன் கூட்டலும் 27. மறுபடி 9-ஆல் வகுத்தால் 7863, கூட்டல் 24. இன்னொரு 3 எடுத்தால் 2621. அதன் கூட்டல் 11, இனி 3 போகாது. 2621-ஐ 47 வரை சோதித்தால் எதுவும் வகுக்காது, பகா எண். 636903 = 3⁵ × 2621. தருமபுரியில் நான்கு வெவ்வேறு பகா எண்கள், இங்கே ஒரே 3 ஐந்து முறை. காரணிகளின் எண்ணிக்கையை இரண்டிரண்டாகப் பெருக்கினால் இங்கே தப்பாகும். 3-ஐ 0 முதல் 5 வரை ஆறு விதமாக எடுக்கலாம், 2621-ஐ இரண்டு விதமாக: 6 × 2 = 12 காரணிகள்.

ஒகேனக்கல் போகும் வழியில் இருக்கும் பென்னாகரத்தை உங்களுக்கு விடுகிறேன். 636810. இரட்டைப்படை எண், 4-ல் மீதி 2. இப்படிப்பட்ட எண் வர்க்கங்களின் வித்தியாசமாக வரவே வராது, எனவே ஃபெர்மாவிடம் அப்படியே கொண்டுபோக வேண்டாம். 2, 3, 5 மூன்றையும் எடுத்தால் 21227 நிற்கும். வர்க்கமூலம் 145-ஐ ஒட்டி வருவதால் 139 வரை பார்க்க வேண்டும். கடைசி வரி 139 × 152 = 21128, மீதி 99 என்று வந்தால் கணக்கு சரி: 21227 பகா எண்.